பெயிண்டர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு வானிலை நிலையம்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘மழை பெயிண்டர்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்க அவர் ஏணியைச் சாத்தினால் போதும், எங்கிருந்தோ ஒரு மேகம் மூச்சிரைக்க ஓடி வந்துவிடும் என்று ஒரு பேச்சு. வேலை என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும். பட்டி பார்ப்பதிலாகட்டும், ஜன்னல் ஓரம் பிடிப்பதிலாகட்டும், அவர் கை பட்ட சுவரில் ஒரு சொட்டு வழிந்த தடம் தெரியாது. மழை வந்தால் மட்டும் மொத்தச் சுவரும் வழியும்.

அந்தக் கேலிக்கு அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார், பல் மருத்துவர் வீட்டு வேலை வரும்வரை. முந்தின நாள் தொலைக்காட்சியில் வறண்ட வானிலை என்று சொன்னார்கள். காலையில் வானமும் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. தைரியமாகப் பச்சை அடித்தார். மதியம் கீழே இறங்கி டீ டம்ளரைக் கையில் வாங்கியதுதான் தாமதம், கொட்டியது பாருங்கள் ஒரு மழை! காயாத பச்சை அத்தனையும் சுவரோடு இறங்கி, வாசலில் நின்ற காரின் மேல் வழிந்து, காருக்கடியில் சுருண்டு படுத்திருந்த மருத்துவரின் வெள்ளை நாயின் மேலும் ஊறிவிட்டது. மருத்துவர் நல்ல மனிதர், ஒரு சுடுசொல் சொல்லவில்லை. நாய்தான் ரொம்ப நாளைக்குப் பச்சையாகவே ஊர் சுற்றியது. பார்த்தவர்களெல்லாம் “இது யார் கைவண்ணம்?” என்று கேட்டார்கள். பதில் சொல்ல ஆளுக்கா பஞ்சம்?

அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். வீட்டிலேயே திரைச்சீலை, தலையணை உறை தைத்துக் கொடுப்பவள் அவள். அவருடைய முகத்தைப் பார்த்தே சுவர் நனைந்ததா காய்ந்ததா என்று கண்டுபிடித்துவிடுவாள்.

“விடுங்க. டீவிக்காரன் சொன்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

“அவன் சொல்றது விமான நிலையத்துல இருக்கிற கருவியை வச்சு. அது குன்றுக்கு அந்தப் பக்கம். அங்க காயுது, இங்க ஊத்துது. நம்ம பக்கத்துக்குன்னு ஒண்ணு வேணும்.”

“என்ன ஒண்ணு?”

“வானிலை நிலையம். வீட்லயே வச்சுக்கலாமாம். தானா அளக்கும்.”

அவள் ஊசியில் நூலைக் கோத்தபடி, “மழை வந்தா நனையப் போறோம். அதைச் சொல்ல ஒரு மிஷினா?” என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பெட்டி வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, கூடவே மைத்துனனும் வந்து இறங்கினான். மனைவியின் தம்பி. கைபேசிக் கடையில் வேலை. கம்பியில்லா இணைப்பு விவகாரமெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அத்தானைக் கிண்டல் பண்ணுவதும் அப்படித்தான். மூவரும் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்கள். காற்றில் சுற்றும் மூன்று சிறு கிண்ணங்கள். திசை காட்டும் வால். கவிழ்த்த சாஸர்களை அடுக்கினாற்போல ஒரு வெள்ளைக் கூடு. அதற்குள்தான் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்க்கும் கருவி ஒளிந்திருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சூரியத் தகடு. வீட்டுக்குள் வைக்க ஒரு திரை. எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்துப்போனது மழை அளக்கும் புனல். அதற்கடியில் சீசா பலகை மாதிரி இரண்டு குட்டிக் கரண்டிகள். ஒன்றில் நீர் நிரம்பினால் டொக்கென்று சாயும், மற்றது மேலே வரும். எத்தனை முறை சாய்ந்ததோ அத்தனை மழை. விரலால் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அத்தான், போதும். அதுக்குள்ள வெள்ளமே வந்திருக்கும்” என்றான் மைத்துனன்.

முதலில் பால்கனிக் கம்பியில்தான் மாட்டினார்கள். மனைவிதான் ஏறி இறங்க வேண்டாம் என்றாள். சாயங்காலம் பார்த்தால் திரை நாற்பத்தாறு டிகிரி என்றது. பக்கத்து வீட்டு ஏசியின் வெந்த மூச்சு நேராக அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது. காற்றுக் கிண்ணமோ, சுவர் மறைத்ததால், சும்மா கிடந்தது. மறுநாள் மொட்டைமாடிக்கே கொண்டுபோனார்.

அங்கே அவர் தொழில் கைகொடுத்தது. சாரம் கட்டும் இரும்புக் குழாய் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே நட்டார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர் பார்த்தார். உச்சியில் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை ஆப்பு தட்டினார். புனல் ஒரு பக்கம் சாய்ந்தால் மழைக்கணக்கு தப்பிவிடும் என்று குறிப்பில் எழுதியிருந்தது. வடக்கைக் காட்டும் அம்புக்குறியை வடக்கே திருப்ப, மைத்துனன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம்… நிறுத்துங்க, நிறுத்துங்க… ஐயோ, தாண்டிட்டீங்க அத்தான்” என்று அரை மணி நேரம் பாடாய்ப் படுத்தினான். கடைசியில் கிண்ணங்கள் சுற்ற ஆரம்பித்தபோது இருவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கீழே, தையல் இயந்திரத்துக்கு எதிரே இருந்த அலமாரியில் திரையை வைத்தார்கள். எண்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. அளவுகள் இணையத்திலும் ஏறின. வீட்டு நிலையங்கள் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்த ஒரு தளம் அது. வரைபடத்தில் தங்கள் தெருவின் மேல் ஒரு சின்னப் புள்ளி முளைத்ததைக் கண்டதும் அவர் மார்பு ஒரு சுற்று பெருத்தது.

அதன் பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது. “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால் “ஈரப்பதம் கொஞ்சம் கூடுதல்” என்பார். கருவி நாளை நடப்பதைச் சொல்லாது, இப்போது நடப்பதைத்தான் சொல்லும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் காற்றழுத்தம் இறங்கினால், ஈரம் ஏறினால், காற்று குன்றுப் பக்கத்திலிருந்து வீசினால், அன்றைக்கு வெளிச்சுவரைத் தொடக்கூடாது என்று மெல்லப் பிடிபட்டது. இரண்டு வேலைகள் நனையாமல் முடிந்தன.

அப்போதுதான் கருவிக்குப் பைத்தியம் பிடித்தது. பளீரென்று வெயில் அடிக்கும் காலையில் திரை மழை என்றது. அடுத்த நாள் சும்மா இருந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி மழை. மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். “அத்தான், உங்க ராசி மிஷினுக்கும் ஒட்டிக்கிச்சு!” போதாக்குறைக்கு இணையத் தளத்திலிருந்து ஒரு செய்தி: சுற்றியுள்ள நிலையங்கள் எதிலும் மழை இல்லை, உங்கள் மழையளவை நம்ப முடியவில்லை, சரிபார்க்கவும். வரைபடத்தில் அவருடைய புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது. அந்தச் சாம்பலைப் பார்த்து அவர் பட்ட வருத்தம், பச்சை நாயைப் பார்த்தும் பட்டதில்லை. புனலைக் கழற்றித் துடைத்தார், கரண்டிகளை ஊதினார், ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு விடுமுறைக் காலை. பாதி முகத்துக்குச் சவரம் செய்துவிட்டு மறுபாதிக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார். அலமாரியில் மழை எண் ஏறியது. ஜன்னலில் வெயில். பிளேடைப் போட்டுவிட்டு மாடிப்படியில் பாய்ந்தார்.

மேலே மனைவி நின்றுகொண்டிருந்தாள். தொட்டிக் குழாயிலிருந்து புதிதாக ஒரு கொடிக்கயிறு; துணி காய்ந்ததும் அவிழ்த்துவிடுவாள் போல, அவர் கண்ணில் பட்டதே இல்லை. அதன் மறுமுனை, அவர் தூக்குக்குண்டு பிடித்து நட்ட கம்பத்தில், இறுக்கமாக, மூன்று முடிச்சு. அவள் ஈரப் போர்வையைத் தூக்கிக் கயிற்றில் வீசினாள். கம்பம் தலையை ஆட்டியது. உச்சியில் டொக்.

“நீயா!”

“நானேதான். எதுக்கு இப்படிப் பாதி முகத்தோட நிக்கிறீங்க?”

“இதுல ஏன் கட்டின?”

“வீட்லயே ஆடாம அசையாம நிக்கிறது இது ஒண்ணுதான். நீங்கதானே அவ்வளவு பெருமையா சொன்னீங்க?”

அவருக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்ததோ உற்சாகம். “அப்படியே இரு, அசையாதே. நான் கீழ போய்ச் சொன்னதும் இன்னொண்ணு போடு” என்று இறங்கி ஓடினார். கீழிருந்து, “போடு!” மேலே போர்வை. திரையில் எண் ஏறியது. “இன்னொண்ணு!” “துணி தீர்ந்துடுச்சுங்க!” “காய்ஞ்சதையாவது போடு!” காய்ந்த துண்டுக்கு எண் அசையவில்லை. “கனமா ஏதாவது!”  பிறகு எண் தடதடவென்று ஏறியது. என்ன போட்டாள் என்று போய்ப் பார்த்தால், அவளே கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். எதிர் மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி குவளையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். புருஷன் முகத்தில் பாதி நுரை, பெண்டாட்டி கயிற்றில் ஊஞ்சல். இருவரும் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்றே அவளுக்குத் தனியாக இரண்டு கம்பம் நட்டு, நல்ல அகலமான கொடி கட்டிக் கொடுத்தார். தன் கம்பம் ஆடாமலிருக்க மூன்று பக்கமும் இழுவைக் கம்பி போட்டார். தளத்துக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதினார். புள்ளிக்குப் பழைய நிறம் திரும்பிவிட்டது. கூடவே, ‘உங்கள் மனைவிக்கு எங்கள் வணக்கம்’ என்று ஒரு பதிலும் வந்தது. அதை அவளிடம் காட்டினார். “ம்” என்றாள். ஆனால் அன்றைக்குத் தைத்துக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்தாள்.

நூலகக் கட்டட வேலை வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. நான்கு மாடி. கயிற்றில் தொங்கும் பலகை மேடையில் நின்றபடி அடிக்க வேண்டிய வேலை. அவரிடம் இருந்த ஆட்கள் இருவர்: உயரமானவனுக்கு ‘ஒட்டகம்’ என்று பெயர், இன்னொருவனுக்குத் தாடி இருந்ததால் ‘தாடி’. அன்று காலை அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் வானம் தெளிவு, காற்று என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று மேடையை ஏற்றினார். மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. கைபேசி அடித்தது. மனைவி.

“ஏங்க, நீங்க மேலயா கீழயா? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“கீழதான். பசங்க ரெண்டு பேரும் மூணாவது மாடியில நிக்கிறாங்க. ஏன்?”

“இறக்குங்க. உடனே இறக்குங்க. காத்து சட்டுனு குன்றுப் பக்கமா திரும்பிடுச்சு. வேகம் எப்பவும் அஞ்சு ஆறுன்னு காட்டுறது, இப்ப அறுபதைத் தாண்டிடுச்சு. சூடு மளமளன்னு இறங்குது. என் தலையணை உறையெல்லாம் பறக்குதுங்க!”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஒரு இலைகூட அசையவில்லை. ஒரு நொடி தயங்கினார், அவ்வளவுதான். வீடு இருப்பது குன்றுப் பக்கம். அங்கே வந்தது அடுத்து இங்கேதான் வரும்.

“டேய், இறங்குங்கடா! எல்லாத்தையும் போட்டுட்டு இறங்குங்க!”

“அண்ணே, இந்த ஒரு பக்கம் முடிச்சுடறோம்ணே” என்றான் ஒட்டகம்.

“முடிக்க வேணாம். இறங்கு!”

அவர் இப்படிக் கத்தி அவர்கள் கேட்டதில்லை. முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைத் தளர்த்தினார்கள். தரையில் கால் வைத்து, இடுப்புப் பட்டையைக் கழற்றி, முகப்பு வாசலுக்குள் நுழையும்போதே தெரு முனையில் புழுதி சுவர் போல எழுந்தது. அடுத்த கணம் காற்று. அவர்கள் விட்டுவந்த மேடை காகிதம் மாதிரி எழும்பி, கட்டடத்தில் மோதி, ஜன்னல் கண்ணாடியைச் சில்லு சில்லாக்கி, மறுபடி மோதியது. வண்ண வாளிகள் உருண்டு தெருவில் ஓடின. பிறகுதான் மழை.

நூலகத்துக்குள் மூவரும் நின்று உடைந்த கண்ணாடியைப் பார்த்தார்கள். தாடி பெயிண்டர் பக்கம் திரும்பினான். அவன் மனைவிக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது.

“அண்ணே, அக்காவுக்கு போன் போட்டுக் குடுங்க.”

கொடுத்தார். “அக்கா…” என்றான் தாடி.  அந்தப் பக்கம் அவள், “சாப்டியா தம்பி? முதல்ல ஏதாவது சாப்பிடு” என்றாள்.

பெயிண்டர் வீட்டுக்கு வந்தபோது அவள் தெருத் தெருவாகப் போய்ப் பொறுக்கி வந்த தலையணை உறைகளை மறுபடி அலசிக்கொண்டிருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைப் பிழிந்தார்.

“நீ அந்தத் திரையைப் பாக்கறதே இல்லன்னு நெனச்சேன்.”

“நாள் முழுக்க அதுக்கு எதிர்லதானே உக்காந்திருக்கேன்? தலையைத் தூக்கினா அதுதான் தெரியுது. உங்களை அனுப்பிட்டு நான் வேற எதைப் பாக்க?”

 அவர் இன்னொரு உறையை எடுத்துப் பிழிந்தார், ஏற்கெனவே பிழிந்ததையும் சேர்த்து.

நூலகத்தில் நடந்தது ஊருக்குள் பரவ நேரமாகவில்லை. தாடியே போகிற இடமெல்லாம் சொன்னான். பெண் குழந்தை பிறந்த செய்தியோடு சேர்த்துச் சொன்னான். பிறகு வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. புகைப்படக்காரர் கேட்பார், மெத்தை காயப்போடுகிறவர் கேட்பார், பல் மருத்துவர்கூட ஒருநாள் நாயைக் குளிப்பாட்டலாமா என்று கேட்டார். எல்லோருக்கும் அவளே பதில் சொன்னாள். தைத்துக்கொண்டே, கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டே. அழுத்தம், ஈரம், காற்றுத்திசை மூன்றையும் பார்த்து, “சாயங்காலம் வரைக்கும் பயமில்லை, அதுக்கு மேல நான் பொறுப்பில்லை” என்று முடிப்பாள். புனலில் விழும் இலையை எடுப்பதும், வெள்ளைக் கூட்டில் குடியேறும் சிலந்தியை விரட்டுவதும் மட்டும் பெயிண்டரின் வேலையாக மிஞ்சியது.

போன வாரம் அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் மணி அடித்தது. பெயிண்டர் எடுத்தார். அச்சகத்திலிருந்து யாரோ ஒரு பெண். காகிதக் கட்டுகளைத் திறந்த வண்டியில் அனுப்பலாமா என்று கேட்டாள். அவர் நிதானமாகத் திரையைப் படித்து, காற்றழுத்தம் நிலையாக இருக்கிறது, காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது, மழைக்கு வாய்ப்புக் குறைவு, தாராளமாக அனுப்பலாம் என்று விளக்கமாகச் சொன்னார்.

அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டாள். “சரிங்க… அக்கா இல்லீங்களா?”

“குளிக்கிறாங்க.”

“பரவாயில்லீங்க, நான் லைன்லயே இருக்கேன். அவங்க வரட்டும்.”

பெயிண்டர் போனை மேசை மேல் வைத்துவிட்டு, குளியலறைக் கதவைத் தட்டப் போனார்.