யன்னல் சட்டத்துக்குள் இருந்த உருக்கு

அந்த ஜனவரிச் சனிக்கிழமை எங்கள் நகரத்தின் வில்லரேப் பகுதியில் அக்காவின் வாடகை வீட்டுக்குப் போனபோது குசினி யன்னல் அகலத் திறந்திருந்தது. வெளியே மைனஸ் இருபத்தைந்து. அக்கா ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன விசரே?" என்றேன்.

"வீட்டுக்காரன் கடிதம் போட்டிருக்கிறான். நாங்கள் கறி சமைக்கிற ஆவியாலதான் அறையில பூஞ்சணம் பிடிக்குதாம். திறந்துவைச்சுச் சமைக்கட்டாம்."

படுக்கையறையைக் காட்டினாள். யன்னல் சட்டத்தின் கீழ்மூலையில், உள்பக்கமாக, விரல் தடிப்பில் பனிக்கட்டி. அதன் கீழே சுவர் கறுத்திருந்தது. கண்ணாடி ஓரத்தில், யன்னல் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் வெப்பத்தரச் சீட்டு இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. எங்கள் கம்பனியின் சீட்டு.

நான் அப்போது புவாண்ட்-கிளேரில் யன்னல் செய்யும் கம்பனியொன்றில் வேலை பார்த்தேன். சட்டத்தின் குறுக்குவெட்டைக் கணினியில் வரைந்து, வெப்பம் அதனூடாக எவ்வளவு வெளியேறுகிறது என்று கணிப்பதுதான் என் வேலை. பிளாஸ்டிக் சட்டத்துக்குள் சிறு சிறு அறைகளாகக் காற்று இருக்கும். அது குளிரைத் தடுக்கும். பெரிய யன்னல்களில் சட்டம் வளையாமலிருக்க உள்ளே உருக்குப் பட்டை செருகுவார்கள். அது குளிரை நேரே உள்ளே கொண்டுவரும். இந்தச் சட்டத்தின் மூலை உறைந்துபோகும் என்று நான் முதலிலேயே மேலாளருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை, அந்தச் சீட்டுக்கு ஆதாரமான இறுதி அறிக்கையைத் திறந்தேன். படத்தில் உருக்கைக் காணவில்லை. முடிவு மிக நன்றாக வந்திருந்தது. அடியில் என் பெயர், என் கையெழுத்து. நத்தார் விடுமுறைக்கு முதல்நாள் ஒரு கட்டாக வந்த தாள்களில், படத்தைப் பார்க்காமலே ஒப்பமிட்டிருக்கிறேன்.

மேலாளரிடம் போனேன். அவர் சென்னைக்காரர். என்னோடு தமிழில்தான் பேசுவார்.

"சின்ன சைஸ்ல ஸ்டீல் வராதும்மா. அதுக்குத்தான் ரிப்போர்ட்."

"அதே சீட்டைப் பெரிய யன்னலிலயும் ஒட்டியிருக்கிறியள். அக்கா வீட்டில ஐஸ் கட்டுது."

"நம்ம சமையல் அப்படி. ஈரம் ஜாஸ்தி இருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் வீட்டிலும் அதே சோறுதான் வேகிறது.

அந்த வாரக்கடைசி அக்கா குடும்பத்தை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இரண்டு நாள் அங்கே அடுப்பு மூட்டவில்லை, ஒருவரும் குளிக்கவில்லை. ஞாயிறு மாலை போய்ப் பார்த்தபோது, புறப்படுமுன் சுரண்டித் துடைத்திருந்த மூலையில் பனி மறுபடி கட்டியிருந்தது. வெப்பமானியை வைத்துப் படமெடுத்தேன். உருக்கைச் சேர்த்து மறுபடி கணித்து, என் பெயரிலேயே எழுதி, ஒரு பிரதியை வீட்டுக்காரனுக்கும் இன்னொன்றைக் கம்பனி இயக்குநருக்கும் கொடுத்தேன். கையெழுத்திட்டது என் பிழை என்பதையும் அதில் எழுதினேன்.

வசந்தத்தில் யன்னல்களை மாற்றினார்கள். பெரிய அளவுகளிலிருந்து அந்தச் சீட்டு எடுக்கப்பட்டது. என்னைக் களஞ்சியக் கணக்கெடுப்புக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் வேலையை விட்டேன்.

புது யன்னல் பூட்டிய அன்று வீட்டுக்காரனும் வந்திருந்தான். பூஞ்சணத்துக்குச் சமையல் காரணமில்லை என்று ஒரு கடிதம் தரும்படி பிரெஞ்சில் கேட்டேன்.

"யன்னல்தான் மாற்றியாச்சே, இனி எதற்கு?" என்று சிரித்தான்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "விடடி, போகட்டும்."

நான் விடவில்லை. அந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுத்தில் கேட்டுவிட்டேன். இதுவரை வரவில்லை.