அல்வா கொண்டுபோய்க் கொடி பிடித்த கதை

திருவனந்தபுரத்தில் ஊர்வலம் ரோட்டை அடைத்தால் ஜனங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, எதற்காக என்று விசாரிக்கிறார்கள். கோரிக்கை நியாயமாகப் பட்டால் நாலு எட்டு கூடவே நடக்கவும் செய்கிறார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஊர்வலம் என்றால் ஒன்று சாமி, இல்லாவிட்டால் சவம். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். இங்கே சாலை பஜாரில் நான் வேலை பார்த்த இரும்புக்கடை வாசலில் நின்றுகொண்டு நானும் சிரித்தவன்தான்.

செல்போன் ஒருசிலர் கையில் மட்டும் இருந்த காலம் அது. கடை வேலையை விட்டுவிட்டுப் புத்தம் புதுக் கார் வாங்கி, விமான நிலையத்துக்குச் சவாரி ஓட்ட ஆரம்பித்தேன். என்ன கர்வம் எனக்கு! ஆனால் இன்ஜின் கொஞ்சம் சூடானால் போதும், கார் நடுரோட்டில் படுத்துவிடும். வளைகுடா போகிற பிரயாணி ஒருவர், விமான நிலையத்துக்கு முன்னாலேயே ஈஞ்சக்கல் என்ற இடத்தில் கார் நின்றுபோக, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். போகிற போக்கில் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. சர்வீசுக்கு விட்டால் பளபளவென்று கழுவி, "குழப்பம் ஒந்நும் இல்லல்லோ", கோளாறு ஒன்றும் இல்லையே, என்று திருப்பித் தந்தார்கள். ஷோரூம் கம்பெனியைக் கைகாட்டியது, கம்பெனி ஷோரூமைக் கைகாட்டியது, கடைசியில் இரண்டு தரப்பாரும் சேர்ந்து நான் ஓட்டுகிற விதத்தைக் குறை சொன்னார்கள். விற்கும்போது இருந்த சிரிப்பு ஒருவர் முகத்திலும் இல்லை. கார் ஓடாவிட்டால் மறுபடி ஆணி நிறுக்கப் போகவேண்டும்.

ஊரில் பெரியப்பாவின் பம்புசெட் மக்கர் பண்ணியபோது, அவர் ஒரு வாழைத்தாரோடு ஏஜெண்ட் வீட்டுக்குப் போய் நின்றார். மறுநாளே ஆள் வந்து சரிசெய்தான். அதை யாரும் லஞ்சமாக நினைத்ததில்லை, முகம் பார்த்துப் பேசுகிற மரியாதை அது. அதே பழக்கத்தில் நானும் திருநெல்வேலி அல்வாவோடு சர்வீஸ் மேனேஜரைப் பார்க்கப் போனேன். மனிதர் பொட்டலத்தைப் பார்த்ததும் துள்ளி எழுந்துவிட்டார். "இதெந்தா, கைக்கூலியோ? எடுத்தோண்டு போ!" லஞ்சம் கொடுக்க வந்தவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூனிக்குறுகி டாக்சி ஸ்டாண்டுக்கு வந்து, அந்த அல்வாவை அங்கிருந்தவர்களுக்கே கொடுத்தேன். யூனியன் செயலாளர் சுதாகரன் சேட்டன் அதைத் தின்றபடியே முழுக்கதையும் கேட்டார். விரலைத் துடைத்துக்கொண்டு, "வண்டி உண்டாக்கியவன் உத்தரம் பறயட்டே" என்றார். செய்தவனே வந்து பதில் சொல்லட்டும் என்று அர்த்தம்.

மறுநாள் காலை ஸ்டாண்டே திரண்டு என் காரைத் தள்ளிக்கொண்டுபோய் ஷோரூம் வாசலில் நிறுத்தியது. கொடி வந்தது, பந்தல் வந்தது. புதுக் கார் பார்க்க வந்தவர்கள் என் காரின் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். முதல் கோஷம் நான்தான் போடவேண்டுமாம். தயங்கி வாயைத் திறந்தேன். வந்ததோ தமிழ்! "ஓடாத வண்டியை வித்தவனே, ஓடிவந்து பதில் சொல்லு!" அத்தனை மலையாளிகளும் அதை அப்படியே தமிழில் திருப்பிச் சொன்னார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறந்த ஊரில்கூட என் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் எழுந்ததில்லை.

மூன்றாம் நாள் கம்பெனி அதிகாரி சென்னையிலிருந்து வந்து இறங்கினார். நேராக என்னிடம் வந்து தோளில் கைபோட்டார். "நீங்க நம்ம ஆளாமே? இவங்கள அனுப்பிட்டு உள்ள வாங்க. நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்." எத்தனை நாள் ஏங்கிய தமிழ்! கால் தானாக ஓரடி எடுத்து வைத்தது. திரும்பினேன். சவாரியை விட்டுவிட்டு வெயிலில் நின்ற சேட்டன்மார் யாரும் என்னைத் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். "இங்கயே நிக்கேன் சார், எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்றேன். அவர் கை தோளிலிருந்து இறங்கியது. கம்பெனி செலவில் புது இன்ஜின் மாற்றித் தருவதாக மத்தியானத்துக்குள் எல்லோர் முன்பும் ஒப்புக்கொண்டார்.

ஒரே ஆரவாரம்! என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது அதிகாரி தனியாகக் காரில் ஏறிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "வரேன் தம்பி" என்றார். நல்ல தமிழில் "ஆகட்டும் சார்" என்று இரண்டு வார்த்தை பதில் சொல்ல மனம் தவித்தது. வாயில் வந்ததோ மலையாளம், "ஆயிக்கோட்டே சாரே."