மன்னி கடல் தாண்டுகிறாள்

ஸ்காட்லாந்தின் பழைய கோட்டைத் தீவுகளைச் சுற்றிவரும் சின்னக் கப்பலில் இன்று டிக்கெட் போட்டுவிட்டேன். வீடு திரும்பினால், அதற்குள் சேதி எட்டி வாசலில் மச்சினர். கோயிலில் பூஜை செய்பவர்.

“குருக்கள் ஆத்துல கடல் தாண்டப்படாது மன்னி!”

“உன் பிள்ளை அமெரிக்காவுக்கு நடந்தா போனான்?”

“அவன் ஃப்ளைட்லன்னா போனான்! கடல் ஜலம் கால்ல படலையே!”

சாஸ்திரத்தை இன்று காலைதான் திருத்தியிருப்பார் போல.

அந்தக் கப்பல் கரைவரை போகாதாம். ரப்பர் படகில் கூட்டிப்போய் முழங்கால் தண்ணீரில் இறக்கிவிடுவார்களாம்.

பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலை சுற்றும் கால்கள் இவை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கத்தான் போகிறேன்.

நனைந்த காலின் முதல் போட்டோ மச்சினருக்குத்தான். லைக் போடுவாரா, பரிகாரம் சொல்வாரா? நீங்களே சொல்லுங்கள்.