உட்கார்ந்துபோன முக்காலி

எட்டு வருடம் கோயம்புத்தூரில் மிக்சிகளுக்கு மூடியும் கைப்பிடியும் வடிவமைத்தேன். பிறகு, பிளாஸ்டிக்கே வேண்டாம், மரவள்ளி மாவிலும் காப்பிக்கொட்டைத் தோலிலும் பொருள்கள் செய்யப்போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டு, மலைமேல் செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தேன். வீட்டுக்கார அக்காவுக்கு மிளகு விவசாயம். நான் மாவில் தோலைப் போட்டுக் கிண்டி, அச்சில் அழுத்திக் காயவைக்கும்போதெல்லாம் வந்து சட்டிக்குள் எட்டிப் பார்ப்பார்.

"ஏங்கண்ணு, உப்புப் போட்டியா?"

"இது திங்கறதுக்கு இல்லீங்கக்கா. உக்கார்றதுக்கு."

அவர் சட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஊரில் என் அம்மாவின் போன் நம்பர் என்ன என்று கேட்டார்.

பதினொரு முக்காலிகள் உடைந்தன. பன்னிரண்டாவது உடையவில்லை. நான் ஏறி நின்றேன், அக்கா ஏறி நின்றார், அரிசி மூட்டையை ஏற்றினோம். பங்குனி வெயிலில் காய்ந்து கல்லாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மலைப்பொருள் கண்காட்சியில் வைக்க இடம் கேட்டு அன்றே விண்ணப்பித்தேன்.

அதைப் பார்வையிட அதிகாரி வந்தது ஆடியில். துவைத்த துணி நான்கு நாளாகக் காயாத தூறல். கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஸ்வெட்டருக்கு மேல் மப்ளர் சுற்றியிருந்தார். மிகவும் மரியாதையான மனிதர். முக்காலியில் உட்கார்ந்து படிவத்தை மடியில் விரித்தார். எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில், நான்.

முதல் கேள்வியின்போது இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். மூன்றாவது கேள்விக்கு அவர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"எவ்வளவு வெயிட் தாங்கும்மா?"

"நூறு கிலோ தாங்கும் சார்."

அப்போது அவர் முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்திருந்தன. வெட்கத்தில் நான் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மரியாதையோடு 'நூறு' என்று எழுதிக்கொண்டார். ஆறாவது கேள்வியில் தரைக்கு வந்து சேர்ந்தார். எழுந்தபோது முக்காலியும் கூடவே எழுந்தது. ஈரம் பட்ட மாவு பசையாகிவிட்டிருந்தது. அக்கா அவர் கைகளைப் பிடித்துக்கொள்ள, நான் முக்காலியைப் பிடித்து இழுத்தேன்.

"மூச்சப் புடிச்சுக்கங்க சார்," என்றார் அக்கா.

பிரிந்ததும் அவர் மப்ளரை அவிழ்த்து இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். "கோடையில ஒருதடவ வந்து பாக்கறேம்மா," என்று சொல்லிவிட்டு, ஜீப்பில் உட்காராமல் குனிந்தபடியே போனார்.

நான் உள்ளே போய் அழுதேன். அக்கா கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, கையில் முக்காலியின் ஒரு காலோடு வந்தார். விரலால் அமுக்கினால் களிபோல அமுங்கியது.

"தண்ணி பட்டாக் கரையுதுல்ல கண்ணு. மொளகு நாத்துக்குப் பை மாதிரி செஞ்சு குடேன். ஊடு பூரா பிளாஸ்டிக் பை. நடறப்ப கிழிச்சுக் கிழிச்சு என்ற நகமே போச்சு."

நான் வடிவமைப்புப் படித்த கல்லூரியில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மறுநாளே தோலைக் கூட்டி, அடுப்புச் சூட்டில் காயவைத்து, தெளிக்கும் தண்ணீரை மட்டும் தாங்குகிற மாதிரி டம்ளர் அளவில் தொட்டிகள் செய்தேன். செடியோடு குழியில் வைத்ததும் ஒரு மழையில் மண்ணோடு மண்ணாகிவிட்டன. மலையிலேயே தள்ளியிருக்கும் திருப்புலி நாட்டு ஊர்களிலிருந்துகூட ஆட்கள் வந்து கேட்டார்கள்.

ஒரே சிக்கல், ஆடுகள். ஒரு காலையில் அறுபது தொட்டிகளைத் தின்றுவிட்டு, நாற்றுகளை மட்டும் பத்திரமாக விட்டுப் போயிருந்தன. அடுத்த கலவையில் வேப்பம் புண்ணாக்கைச் சேர்த்தேன். ஓர் ஆடு முகர்ந்து பார்த்து, தும்மிவிட்டுத் திரும்பிப் போனது. அன்று மதியம் அக்காவிடம் இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.