இரத்தினம்மா சொல்லாத பெயர்

இருபத்தொரு வருசம் ஒரு மனுசனோடு குடித்தனம் நடத்தி, மூன்று பிள்ளை பெற்று, அவன் பிடித்த மீனை விற்று, அவனோடு நாள் தவறாமல் சண்டையும் பிடித்த இரத்தினம்மா, அவன் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. வீட்டில் "இஞ்சாருங்கோ" என்பாள். வெளியில் "எங்கடை வீட்டுக்காரர்" என்பாள். பெயரைச் சொன்னால் புருசனின் ஆயுள் குறையும் என்று தாய் சொல்லிக் கொடுத்தது. மயிலிட்டியில் மற்றப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

1980ஆம் ஆண்டு பங்குனியில் ஒரு காலை, வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தவனை ஆமிக்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டதற்குப் புதுச் சட்டம் என்றார்கள். அந்தச் சட்டப்படி ஒரு ஆளைக் கோட்டில் நீதவான் முன்னால் நிறுத்தாமல் பதினெட்டு மாதம் வைத்திருக்கலாமாம். கொழும்பில் இருந்து கை உயர்த்தி அதை நிறைவேற்றியவர்களில் ஒருத்தராவது ஆமி முகாம் வாசலில் வெயிலுக்குள் நின்று பார்த்திருப்பாரா? இரத்தினம்மா நின்றாள். நாலு தரம் போனாள். துணைக்குப் போன பக்கத்து வீட்டு லூர்த்தம்மாதான் வாய் திறந்தாள்.

"கந்தப்புவைப் பாக்க வந்தனாங்கள்."

ஊர் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர். காவல்காரன் ஒவ்வொரு முறையும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, அப்படி ஆள் இல்லை என்றான்.

பிறகு எம்.பி.யின் வீட்டுக்குப் போனார்கள். அவருடைய கிளாக்கர் சண்முகநாதன் விபரம் எழுதினான். பெயரைக் கேட்டபோது இரத்தினம்மா லூர்த்தம்மாவைப் பார்த்தாள். லூர்த்தம்மா சொன்னாள். எம்.பி. பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டார். கந்தப்பு என்ற பெயரில் எவரும் தடுப்பில் இல்லை என்று பதில் வந்தது.

தடுப்பில் இல்லை, வீட்டிலும் இல்லையென்றால் ஊர் என்ன நினைக்கும்? புருசனின் தமையன் முருகேசு வந்து முற்றத்தில் நின்றார்.

"பாராளுமன்றத்திலையே இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள். அந்தியேட்டிக் கிரியைக்கு ஒரு நாள் பாப்பம்."

"உயிரோடை இருக்கிற மனுசனுக்கு அந்தியேட்டியோ?" என்றாள் இரத்தினம்மா. "நான் தாலி கழட்டமாட்டன்."

"அப்ப சாதகத்தையாவது எடு. ஆயுள் கிடக்கோ எண்டு சாத்திரியாரைக் கேப்பம்."

அவள் றங்குப்பெட்டியைத் திறந்தாள். சாதகத்தோடு கலியாணப் பதிவுக் கடதாசியும் சுருண்டு கிடந்தது. மணமகன்: ஆழ்வாப்பிள்ளை நடராசா. கலியாணத்தன்று எழுதும்போது ஒருதரம் கேட்ட பெயர். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கந்தப்பு என்பது அவனுடைய தாய் நேர்த்தி வைத்துக் கூப்பிட்ட வீட்டுப் பெயர். அவன் சட்டைப் பைக்குள் இருந்த அடையாள அட்டையில் நடராசா. ஆமிக்காரனின் பட்டியலிலும் அதுதான் இருக்கும்.

"ஓம், பதிவிலை அப்பிடித்தான்," என்றார் முருகேசு, இப்போதுதான் ஞாபகம் வந்தவராக. அவரைத் திட்டுவதா, தன்னைத் திட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எம்.பி.யும் கிளாக்கரும் கொழும்பில் நின்றார்கள். அடுத்த நாளோடு பாராளுமன்ற அமர்வு முடிந்தால், மறுபடி கூட ஒரு மாதமாகும். தபால் கந்தோரில் கொழும்புக்கு ட்ரங் கோல் எடுக்க இரண்டு மணித்தியாலம் காத்திருந்தாள். லைன் கிடைத்ததும், வழக்கம்போல லூர்த்தம்மா றிசீவரை வாங்கி, பெயர் பிழை என்று சொல்லத் தொடங்கினாள். அந்தப் பக்கம் சண்முகநாதன் விடவில்லை. இரத்தினம்மாவிடம் கொடுக்கச் சொன்னான்.

"போனமுறை அயலவை சொல்லித்தான் பிழையாப் போனது. அம்மா, நீங்கள்தான் பெண்சாதி. உங்கடை வாயாலை சொல்லுங்கோ."

கந்தோரில் ஊர்ச்சனம் நின்றது. முருகேசு நின்றார். மூன்று நிமிசம் முடியப்போகிறது என்று இடையில் ஒப்பரேட்டரின் குரல் சொன்னது. தான் சொல்லப்போகிற சொல்லே அவனைக் கொன்றுவிடுமோ என்று அவளுக்குப் பயம் வந்தது. தாலியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஆழ்வாப்பிள்ளை நடராசா," என்றாள்.

"கந்தப்பு எண்ட ஊர்ப் பேரையும் சேர்த்து எழுதட்டோ?"

"வேண்டாம் தம்பி. பதிவிலை உள்ளது மட்டும் போதும். அந்தப் பேராலை பட்ட பாடு காணும்."

அடுத்த நாள் பதில் வந்தது. நடராசா என்பவர் தடுப்பில் இருக்கிறார். அதே முகாமில், அவள் நாலு தரம் போய் நின்ற அதே வாசலுக்கு உள்ளே.

பார்க்க விட்டபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்றான். இடது கை விரல்கள் மடங்கவில்லை. அவள் கேட்பதற்கு முதல் அவனே கதைத்தான்.

"லூர்த்தம்மாவின்ரை சத்தம் கேட்டது. நீ அழுததும் கேட்டது. நாலு தரமும்."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"இரண்டு பெயர் வைச்சிருக்கிற எல்லாரும் ஒளிச்சுத் திரியிற இயக்கக்காரர் எண்டுதான் இஞ்சை அடிக்கிறாங்கள். கந்தப்புவைத் தெரியுமோ எண்டு என்னையும் கேட்டாங்கள்." அவன் குரலைத் தாழ்த்தினான். "தெரியாதெண்டனான்."

கிளாக்கர் கேட்டபடி இரண்டு பெயரையும் எழுத விட்டிருந்தால் என்று நினைத்தாள். மேலே நினைக்கப் பயமாக இருந்தது.

அவனை விடுதலை செய்ய இன்னும் ஒரு வருசம் எடுத்தது. வெள்ளிக்கிழமை தோறும் அவள் போனாள். லூர்த்தம்மாவைக் கூட்டிப்போகவில்லை. "ஆழ்வாப்பிள்ளை நடராசா. நான் அவரின்ரை பெண்சாதி," என்று வாசலில் நின்று தானே சொன்னாள். உள்ளே இருக்கிறவனுக்குக் கேட்கவேண்டுமென்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.