கேட்காமல் துடைத்த கட்டளை

பயப்படுவதற்குப் போட்டி வைத்தால் தெப்ராவ் ஊர்த் தேன்மொழி மலேசியாவின் ஜோகூர் மாநிலத்துக்கே கோப்பை வாங்கித் தருவாள். காரைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். லிப்ட் கதவு திறந்தால், உள்ளே லிப்ட் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துத்தான் கால் வைப்பாள். பதினான்கு வயதில் கோத்தா திங்கி வெள்ளத்தில் ஒரு பகல் முழுக்கக் கூரைமேல் உட்கார்ந்திருந்தவள். கேலி செய்கிறவர்களுக்கு அது தெரியாது. அவளும் சொன்னதில்லை.

இப்போது அவள் வேலையே அந்த ஊருக்கு வெள்ள எச்சரிக்கை அனுப்புவதுதான். ஆறு ஏறினால் எந்த வீட்டுப் படியைத் தண்ணீர் எப்போது தொடும் என்று அவளுடைய புரோகிராம் கணித்து, அந்த வீட்டுக்குச் செய்தி அனுப்பும். அதற்காக அவளும் ஐயாசாமியும் இரண்டு வாரம் அலைந்து நூற்று நாற்பது வாசற்படிகளை அளந்தார்கள். ஐயாசாமி அந்த ஊர்க்காரர், முன்னாள் லாரி டிரைவர். அளப்பதைவிட வீடு வீடாகக் காப்பி குடிப்பதில் கெட்டிக்காரர்.

அளவுகள் ஒரு கோப்பில் இருந்தன. செய்கிற மாற்றங்களையெல்லாம் சேர்த்து வைத்து, கேட்டால் பழையதைத் திருப்பித் தரும் கருவி ஒன்று அலுவலகத்தில் உண்டு. அதனிடம் ஒப்படைத்தது மட்டும்தான் திரும்பக் கிடைக்கும். தேன்மொழியோ மூன்று முறை சரிபார்க்காமல் எதையும் ஒப்படைக்க மாட்டாள். இரண்டு முறை முடிந்திருந்தது.

தினமும் வந்தவுடன் ஒரு கட்டளை அடிப்பாள். ஒப்படைக்காத கோப்புகளைத் துடைக்கும் கட்டளை. துடைக்கும் முன் அது பட்டியலைக் காட்டி, அழிக்கட்டுமா என்று கேட்கும். பட்டியலைப் படித்துவிட்டு, வேண்டாம் என்பாள். வெறுமனே பார்க்க வேறு கட்டளை இருக்கிறது. ஆனால் ஒரு மெஷின் தன்னிடம் அனுமதி கேட்பது அவளுக்குத் தெம்பாக இருந்தது. ஒன்பது வருடம் அப்படியே போனது.

அன்று கருவியின் புதிய வெர்ஷனைப் போட்டிருந்தாள். கட்டளையை அடித்தாள். அது கேட்கவில்லை.

அளவுகள் இருந்த கோப்பைக் காணோம். வெளியே மழை. திரையின் ஓரத்தில் ஆற்றின் அளவு ஏறிக்கொண்டிருந்தது. தானே ஆமாம் என்று அழுத்தித் தொலைத்தோமோ என்று அடித்த வரியை மூன்று முறை படித்தாள். கருவியைச் செய்தவர்களின் பக்கத்தைத் திறந்தாள். வேறொன்றைத் திருத்தும்போது இது கெட்டுவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை, நாளை சரியாகும் என்று போட்டிருந்தது. நாளைக்குக் கட்டளை சரியாகும். அளவுகள் வராது. படி அளவு தெரியாத வீட்டுக்கு எச்சரிக்கையும் போகாது.

கோத்தா திங்கியில் இருந்த ஐயாசாமியை அழைத்தாள்.

"அண்ணே, படி அளவெல்லாம் அழிஞ்சிருச்சு. எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"நீதானே தாளு நனஞ்சிரும்னு என்னை அளவைக் கத்தச் சொல்லி கம்ப்யூட்டர்ல அடிச்சிக்கிட்ட. இப்ப என்னைக் கேக்குற?"

"ஆகத் தாழ்ந்த படி யாரு வீடு? அதாவது ஞாபகம் இருக்கா?"

"ராஜம்மா வீடு லா. ரோட்டுக்கு மேல நாலு விரல். அவங்க ஊத்துற காப்பியும் நாலு விரல்தான்."

எல்லா வீட்டுக்கும் நாலு விரல் என்றே போட்டாள். தொலைபேசி எண்களை முன்பே ஒப்படைத்திருந்தாள், அவை தப்பின. தண்ணீர் வருமுன்பே கிளப்பிவிட்டாள் என்று மேட்டு வீட்டுக்காரர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். செய்தி பறந்தது. ஒரு மணி நேரத்தில் நூற்று முப்பத்தொன்பது பேர் படித்துவிட்டார்கள். ராஜம்மா மட்டும் படிக்கவில்லை. தனியாக இருப்பவள். போன் அடித்து அடித்து நின்றது.

"அண்ணே, போய்ப் பாருங்க."

"ரோட்ல தண்ணி ஓடுது, தங்கச்சி."

"அண்ணே."

"போறேன் லா. அழுவாத."

நாற்பது நிமிடம் போன் வரவில்லை. கூரைக்குக் கீழே ஓடிய பழுப்புத் தண்ணீர் கண்ணுக்குள் வந்தது, அதில் மிதந்துபோன அலமாரியும். கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஐயாசாமியின் போனிலிருந்து ராஜம்மா பேசினாள். "போனை உள் ரூம்ல சார்ஜ்ல போட்டுட்டு, சமைச்சு முடிச்சு குளிக்கப் போனா, இந்தாளு கதவை ஒடைக்கிறான். நீ சொல்லித்தானாம்?"

"தண்ணி எங்க இருக்கு, ஆண்ட்டி?"

"வாசல்ல. செருப்பு மெதக்குது."

"அண்ணன் வண்டியில ஏறுங்க."

"கதவை யாரு செஞ்சு தருவா?"

"நான் தர்றேன். ஏறுங்க."

"அளவையெல்லாம் தொலைச்சிட்டியாமே. படிச்ச புள்ள."

"ஆமா ஆண்ட்டி. தொலைச்சிட்டேன்."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ராஜம்மா நிறுத்தவில்லை. கதவில் ஆரம்பித்து, நனையப்போகிற அரிசி, ஐயாசாமியின் சேற்றுக்கால் என்று வரிசையாகத் திட்டினாள். வெள்ளத்துக்கு ஒதுங்கும் மேட்டுப் பள்ளிக்கூடம் வந்து சேரும்வரை திட்டட்டும் என்று தேன்மொழி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.