உறைக்குப் பொருந்தாத மாப்பிள்ளை

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். வேலையற்றவர்கள். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், இது நடந்தது. ஜாவாவின் கிரசிக் துறைமுகத்தில், என் பழம்பொருள் கடையில்தான் தொடங்கியது.

காஸ்தி ஒரு கிரிஸ் குத்துவாளோடு வந்தான். மறுநாள் அவன் மகள் வெனிங்குக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாஸோ, பூகிஸ் இனத்து மாலுமி. அவன் கப்பல் தெர்னாத்தே தீவில் மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளை வர முடியாவிட்டால் அவன் வீட்டுக் கிரிஸைப் பெண்ணின் பக்கத்தில் வைத்து மணம் முடிப்பது எங்கள் வழக்கம். பாஸோ அதைக் கூட்டாளி ஒருவனிடம் கொடுத்தனுப்பியிருந்தான்.

"இது பூகிஸ் கிரிஸ்தானான்னு பாத்துச் சொல்லுங்க வாகினாக்கா. பொண்ணு வாழ்க்கை."

நான் வாய் திறப்பதற்குள் ராதென் புர்போ அதைப் பறித்துக்கொண்டார். தினமும் என் கடையில் ஓசிக் காப்பி குடிக்கும் நிபுணர். உறையைப் பார்த்தே கத்திக்கு ஜாதகம் எழுதும் மேதை.

"படகு மாதிரி உறை, வளைஞ்ச பிடி. சுத்தமான பூகிஸ்!"

"அலகைப் பாத்தீங்களா?"

"எனக்கு அது வேற வேணுமா?"

நான் வாங்கி அசைத்தேன். கட... கட... உள்ளே அலகு ஆடியது. ஒவ்வொரு அலகுக்கும் அளவெடுத்துத்தான் உறை செதுக்குவார்கள்; ஆடவே கூடாது. அலகை உருவினேன். பூகிஸ் அலகு அகலமாக, கனமாக இருக்கும். இது மெலிந்து, அரித்துப்போன ஜாவா அலகு.

"உறைதான் பூகிஸ். உள்ள இருக்கறது வேற எவனோடதோ. கல்யாணத்தை நிறுத்து, காஸ்தி."

"பொம்பளை கத்தி பாத்தா இப்படித்தான்," என்று புர்போ சிரித்தார். கூடவே காஸ்தியும் சிரித்தான். விருந்துக்கு ஆடு அறுத்தாகிவிட்டதாம். மூடர்கள்.

என் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அலகைத் துடைத்தேன். மறுபடியும் ஈரம்... ஆற்றுச் சேற்று நாற்றம்.

"மழைக்காலம்மா," என்றார் மேதை.

மறுநாள் மாலை 4:10. வெனிங் பக்கத்தில், பட்டுத் தலையணையில் கிரிஸ். நான் முன்வரிசையில் இருந்தேன்.

தலையணை நனைந்துகொண்டே வந்தது.

கட... கட... யாரும் அதைத் தொடவில்லை.

வெனிங் சற்று நகர்ந்து இடம் விட்டாள். தலையணையை அவள் பார்க்கவில்லை. தலைக்கு மேலே, நிற்கிற ஆளின் முகத்தைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

வெட்கப்பட்டுச் சிரித்தாள்.



மூன்று வாரம் கழித்து பாஸோ வந்து சேர்ந்தான். காஸ்தி கொண்டுவந்த கிரிஸை என் கடையில் உருவிப் பார்த்தவன், "இது எங்க வீட்டுது இல்லக்கா," என்றான். கூட்டாளியை இழுத்து வந்து உலுக்கினான். அவன் அழுதுகொண்டே சொன்னான். அசல் அலகு கடலில் விழுந்துவிட்டது. பயந்துபோய், பெங்காவான் ஆற்றில் மணல் அள்ளுகிறவர்களிடம் ஒரு பழைய அலகை வாங்கி உறையில் செருகிவிட்டான்.

"ஆத்துல எப்படிக் கெடச்சுதாம்?" என்று கேட்டேன்.

"ஒரு எலும்புக்கை புடிச்சிட்டிருந்துச்சாம். விரலை ஒடிச்சுத்தான் எடுத்தாங்களாம்..."

புர்போவின் காப்பி அப்படியே ஆறியது. 

எல்லோரும் வெனிங் வீட்டுக்கு ஓடினோம். அவள் கதவைப் பாதி திறந்தாள். பாஸோவை ஏற இறங்கப் பார்த்தாள். யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல.

"மெதுவாப் பேசுங்க," என்றாள். "அவரு இப்பத்தான் தூங்குனாரு."

அவளுக்குப் பின்னால், அறை வரைக்கும், ஈரக் காலடிகள்.